ஒரு லாரியும் இரண்டு வயிறுகளும்

லாரி ஓட்டுகிறவர்களில் அவரைப் போல மெதுவாக ஓட்டுகிறவரை அந்த ஊர் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் தாண்டிப் போகும்போது திரும்பி ஒரு முறை முறைப்பார்கள். அவரும் ஏதோ வணக்கம் வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளம் கொடுக்கிற இடத்தில்கூட "ஆமையண்ணன் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு தடவை பள்ளத்தில் இறங்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்பார்.

மண்டியின் கழிவை ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. மண்டி விடியலில் கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். விற்காமல் நின்றது, மூட்டைக்கு அடியில் நசுங்கியது, ஒரு பக்கம் கறுத்தது, அளவில் சின்னதாகப் போனதால் யாரும் கை வைக்காதது எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் மலையாகக் குவியும். அதை அள்ளி ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் கொட்ட வேண்டும். போகிற வழியில் ஓரிடத்தில் மட்டும் லாரி நிற்கும். மண்டிக்குப் பின்தெருவில் ஒரு பழைய கிடங்கு. கிடங்கில் ஒரு பொதுச் சமையலறை. அதை நடத்துகிறவள் அவர் மனைவி.

அங்கே சாப்பிட வருகிறவர்கள் அவளைப் பெரியக்கா என்பார்கள். அவளைவிட வயதில் மூத்த கிழவர்களுக்கும் அவள் பெரியக்காதான். ஊரில் இருந்த நூல் ஆலை மூடிய வருடம், வேலை போன நாலைந்து குடும்பங்களுக்காகக் கிடங்கின் மூலையில் ஓர் அடுப்பை மூட்டினாள். நாலைந்து குடும்பம் ஒரு தெருவாகி, தெரு ஒரு வரிசையாகி, வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது உதவிக்கு ஐந்தாறு பெண்கள், ஆள் உள்ளே இறங்கித் தேய்க்கிற அளவு அண்டாக்கள், உச்சிப் பொழுதில் திறக்கிற கதவு என்று ஆகிவிட்டது. தானியம் தானமாக வரும். காய் மட்டும் ஆமையின் லாரியில் வரும். லாரி நின்றதும் பெண்கள் மேலே ஏறி, தேறியதைப் பொறுக்கி இறக்கிக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்டுச் செய்த ஏற்பாடல்ல. கேட்டிருந்தால் யாராவது கூடாது என்றிருப்பார்கள்.

எதற்காக இந்த அடுப்போடு இப்படி மாரடிக்கிறாய் என்று ஒரு தடவை அவர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் டப்பாவைத் திறப்பார்களாம். இவள் நேரே குழாயடிக்குப் போய், சாப்பிட்டு முடித்தவள் மாதிரி கை கழுவிக்கொண்டே நிற்பாளாம். ஒரு நாள் டீச்சர் வந்து இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது, பக்கத்துப் பெண்ணின் டப்பாவில் இருந்ததைச் சொன்னாளாம். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் அவரும் கிளறவில்லை.

ஆமைக்கு ஒரு தம்பி இருந்தான். கூரைத் தகடு மாட்டுகிற வேலை. அண்ணன் எவ்வளவு நிதானமோ தம்பி அவ்வளவு வேகம். ஏணியில் ஏறுகிறானா பறக்கிறானா என்று தெரியாது. ஒரு கோடையில் வெயில் ஊரை வறுத்தெடுத்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று கூரை வேலை மட்டும் நிற்கவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கீழே இறங்கிய தம்பி, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆமை ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது நடையில் வரிசையாகக் கட்டில்கள். எல்லாக் கட்டிலிலும் அவனைப் போன்ற ஆட்கள்தான், ரோடு போடுகிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள். டாக்டர் வேறு நோய் எதையும் சொல்லவில்லை. "வெயில்தாங்க," என்றார். வெயிலுக்கு ஒரு மனிதன் செத்துப்போவானா என்று ஆமை வெகுநாள் ஆட்களைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டிவியில் வானிலை வந்தால் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நிற்பார்.

இந்த நிலையில்தான் ஊருக்கு எரிவாயு ஆலை வந்தது. பெரிய பெரிய தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. குப்பை மேட்டை மூடிவிட்டு, மண்டிக் கழிவு மொத்தமும் இனி ஆலைக்கே என்று ஒப்பந்தமாயிற்று. லாரி ஆலைக்குப் போனது. லாரியோடு ஆமையும் போனார். நிரந்தர வேலை, பெயர் தைத்த சட்டை, கனமான பூட்ஸ். பொறுப்பாக வந்த இன்ஜினியர் சின்ன வயதுப் பெண். முதல் நாளே எல்லாரையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். திறந்த மேட்டில் காய்கறி அழுகினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு கிளம்பி மேலே போய், சூட்டை வெளியே விடாமல் போர்வை மாதிரி பூமியைப் போர்த்திக்கொள்ளும். அதையே மூடிய தொட்டிக்குள் அழுகவிட்டு வாயுவைப் பிடித்தால் ஊர் பஸ்களை ஓட்டலாம். டீசலும் மிச்சமாகும், சூடும் குறையும்.

ஆமைக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. சூடும் குறையும் என்றது மட்டும் நெஞ்சில் போய் நின்றது. தம்பியைக் கொன்றவனை அடிக்க முதல்முறையாகக் கையில் ஒரு கம்பு அகப்பட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், தொட்டி, வாயு, பஸ் என்று மூச்சுவிடாமல் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப எங்களுக்குக் காய்?"

அதை அவர் யோசித்திருக்கவே இல்லை.

ஆலையில் எடை மேடை இருந்தது. எடைக்குத் தகுந்தபடி மண்டிச் சங்கத்துக்குப் பணம் போயிற்று. அதனால் மண்டியிலேயே லாரிக்குத் தார்ப்பாய் கட்டி, நேரே ஆலைக்கு விரட்டினார்கள். சமையலறைப் பெண்கள் கூடையோடு மண்டிக்குப் போய்ப் பார்த்தார்கள். காவல்காரர் உள்ளே விடவில்லை. நேற்றுவரை நாய்கூட மோந்து பார்க்காத குவியலுக்கு இன்றைக்கு ஒரு சொந்தக்காரன் வந்துவிட்டான். கிடங்கில் கஞ்சி நீர்த்துக்கொண்டே போனது. காய் இருந்த இடத்தில் உப்புத்தான் இருந்தது. வருகிறவர்கள் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை. அதுதான் பெரியக்காவை அரித்தது.

வீட்டில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேயே வந்து முட்டியது. ஒரு நாள் டிவியில் பல நாட்டுத் தலைவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதைக் காட்டினார்கள். உலகத்தில் இத்தனை பேர் பட்டினியாகப் படுக்கிறபோது வேறு எதற்கும் கை நீட்டக் கூடாது என்றார் ஒருவர். பூமியே கொதிக்கிறபோது அதை விட்டுவிட்டு எதைச் செய்தும் பயனில்லை என்றார் அடுத்தவர். பெரியக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு பூமி சூடாயிடும்னு சொல்றீங்க. எனக்கு இன்னிக்கு அடுப்பே சூடாகலைங்க."

"என் தம்பி நாளைக்குச் சாகலை," என்றார் ஆமை. "அன்னிக்கே செத்தான்."

வாரக் கடைசியில் புருஷனோடு வந்திருந்த மகள் நடுவில் புகுந்து, ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி நடத்தினால் நான் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சிரிக்கப் பார்த்தாள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. மருமகன் மட்டும், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று தேவையில்லாத இடத்தில் சொல்லி வைத்தார்.

அந்த மாதத்தில் வெளிநாட்டிலிருந்து இரண்டு குழுக்கள் வந்தன. ஒன்று ஆலையைப் பார்க்க, மற்றது இந்தப் பக்கத்துச் சமையலறைகளைப் பார்க்க. வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள் என்று இரண்டுக்கும் ஆமையையே அனுப்பி வைத்தார்கள். கூட வந்த உள்ளூர்க்காரர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்தது. பசி என்றால் எல்லாரும் உடனே பையைத் திறந்துவிடுகிறார்கள், கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. பூமிக்குக் காய்ச்சல் என்றால் யார் நம்புகிறார்கள், பூமி போனபின் யாருக்குச் சோறு போடுவார்களாம் என்று முதல் குழுவில் அலுத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் கொடுக்கிறவர்கள் எல்லாரும் காற்று, கடல், மரம் என்று போய்விட்டார்கள். இன்றைக்குச் சாகிறவனுக்கு அரை நூற்றாண்டு கழித்து வரப்போகிற பூமி எதற்கு என்று அடுத்த குழுவில் குமுறினார்கள். கேட்கக் கேட்க இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு குழுவும் இறங்கும்போது குழுவுக்கு ஒன்றாக அவருக்குத் தொப்பி கொடுத்தார்கள். இரண்டும் அவருக்கு அளவாகவே இருந்தன.

அதற்கப்புறம் அவருக்கு மனசு கேட்கவில்லை. பின்தெரு திருப்பத்தில் லாரியை ஓரங்கட்டி, தார்ப்பாயின் முடிச்சைத் தளர்த்தி, கையில் அகப்பட்ட கூடைகளைக் கிடங்கு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். பெரியக்கா எடுத்துக்கொண்டாள். நன்றியும் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அவருக்கோ இரண்டு பக்கமும் உறுத்தியது. ஆலைக்குப் போனால் திருடன் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால், மலையாக இருந்ததில் ஒரு பிடியைக் கிள்ளிக் கொடுக்கிற கஞ்சன் மாதிரி இருந்தது.

எடை மேடைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு நாள் காலையில் இன்ஜினியர் அவரைத் தொட்டிப் பக்கம் வரச் சொன்னார்.

"அண்ணே, கொஞ்ச நாளா லோடு குறையுதே."

"ஆமாங்க. நடுவுல இறக்கறேன்." எங்கே, யாருக்கு என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

இன்ஜினியர் கோபப்படவில்லை. தொட்டியின் பக்கத்தில் வாயுவின் அளவைக் காட்டுகிற முள்ளைக் காட்டினார். அது இருக்க வேண்டிய இடத்துக்கு வெகுவாகக் கீழே கிடந்தது. "உள்ள இருக்கறது மெஷின் இல்லண்ணே, கோடிக்கணக்கான உயிர். ஒரு நாள் நிறைய, ஒரு நாள் கம்மின்னு போட்டா தாங்காது. போன வாரம் சில பஸ்ஸுக்கு மறுபடியும் டீசல் ஊத்தினாங்க, தெரியுமா?"

"அப்ப அதுக்கும் பசிக்குங்களா?"

"பசிக்கும். அதுவும் வயிறுதான்." இன்ஜினியர் முள்ளின் கண்ணாடியை விரலால் தட்டினார். "உங்க வீட்ல சமைக்கறது எனக்குத் தெரியும். நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வரலை. ஆனா ரெண்டு வயித்துக்கும் நம்மகிட்ட இருக்கறது ஒரே லாரி."

இனி இறக்க மாட்டேன் என்று ஆமை சொன்னார். யாரும் கட்டாயப்படுத்திச் சொன்னதல்ல. டீசல் ஊற்றினார்கள் என்றதைக் கேட்டதும் தம்பியின் முகம் வந்து நின்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அன்று முதல் பெரியக்கா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நேரத்துக்குத் தட்டு வரும், தண்ணீர் வரும், துவைத்த சட்டை வரும், வார்த்தை மட்டும் வராது. ஓட்டல்களின் பின்வாசலிலும் தள்ளுவண்டிகளிலும் காய் கேட்டு அவள் அலைவதை லாரியிலிருந்தே பார்த்திருக்கிறார். அந்த மாதிரி நேரத்தில் அவருக்கு லாரியை வேகமாக ஓட்ட வேண்டும் போல இருக்கும்.

மறு வருடக் கோடை முன்கூட்டியே வந்தது. வந்த வெயில் தணியவும் இல்லை. பகலில் வெளி வேலை செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உத்தரவு நல்லதுக்குத்தான். ஆனால் வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாதவர்கள் நேரே கிடங்குக்கு வந்தார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்தது. மண்டியில் காய்கள் மூட்டைக்குள்ளேயே வெந்து, பாதி நாளில் நுரைத்துப் புளித்தன. அத்தனையும் ஆலைக்கு வந்து சேர, தொட்டிக்கு அஜீரணம் பிடித்துக்கொண்டது. உள்ளே புளிப்பு ஏறி, வாயு கெட்டுப்போயிற்று. கொஞ்ச நாளைக்குப் பட்டினி போட்டால்தான் தேறும் என்று இன்ஜினியர் கதவைச் சாத்திவிட்டார்.

விஷயம் தெரியாமல் ஆமை அன்று முழு லோடோடு வந்து நின்றார். ஆலை வாங்காது. குப்பை மேடும் கிடையாது. எங்கேயாவது நிழலில் நிறுத்தி வையுங்கள், போன் செய்து சொல்கிறேன் என்றார் இன்ஜினியர். லாரியை மறைக்கிற அளவு நிழல் அவருக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது, கிடங்குக்கு எதிரே மூடிக் கிடந்த பழைய நூல் ஆலையின் நெட்டைச் சுவர். அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். எதிர்ப்பக்கம் வரிசைக்கு நிழல் இல்லை. சட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டும், தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டும் கதவு திறப்பதற்காக நின்றார்கள்.

வரிசையில் குடைக்காரர் இருந்தார். குடை ரிப்பேர் செய்கிற தனி ஆள், வாயைத் திறந்தால் கேலிதான். அன்றைக்கு அவர் தன் குடையை முன்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம் கொடுத்திருந்தார். ஆமை பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர் வரிசையை விட்டு இரண்டடி விலகி, சுவரோரம் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்தார்.

தம்பி உட்கார்ந்ததை ஆமை கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. லாரியிலிருந்து குதித்தார். கீரை மூட்டையின் ஈரச் சாக்கை உருவிக்கொண்டு ஓடி, குடைக்காரரின் தலையிலும் மார்பிலும் போர்த்தினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியக்கா வந்தாள். இருவருமாகத் தூக்கி லாரியின் முன்னால் ஏற்றினார்கள். அவள் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அண்டா விளிம்பில் ஊற்றுகிற மாதிரி சிறுகச் சிறுகத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தாள். ஆமை ஓட்டினார் பாருங்கள், ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வழியில் இருந்த வண்டிகள் எல்லாம் இது யார் ஓட்டுகிறார்கள் என்று ஒதுங்கி நின்று பார்த்தன.

ஆஸ்பத்திரி நடையில் மறுபடியும் வரிசையாகக் கட்டில்கள். குடைக்காரரை உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, பிழைத்துக்கொள்வார், சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். ஆமை அவர் பின்னாலேயே போய் ஏதோ கேட்டுவிட்டு வந்து, பெஞ்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியக்காதான் முதலில் பேசினாள்.

"உச்சி வெயில்ல கதவைத் திறக்கறது நான்தானே."

ஆமை அவள் பக்கம் திரும்பினார்.

"சாப்பாடு சூடா இருக்கணும்னு பார்த்தேன். வாங்க வர்றவங்க தலைமேல எவ்வளவு சூடுன்னு பார்க்கலை. இத்தனை வருஷமா."

"வெயில் மட்டும் இல்ல," என்றார் ஆமை. "நர்ஸ்கிட்ட கேட்டேன். முந்தாநாள்லேருந்து அவர் வயித்துல ஒண்ணும் இல்லையாம். வெறும் வயித்துல இருந்தா வெயில் சீக்கிரம் ஆளைச் சாய்ச்சுடுமாம்."

"காய் இருந்திருந்தா நேத்து கடைசியில நின்னவங்களைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். அதுல அவரும் இருந்தாரு." குற்றம் சாட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும்," என்றார்.

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. தம்பி அன்றைக்குக் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கூரை ஏறினானா? பொதுவாக அவன் டீயோடு ஓடிவிடுகிறவன். அந்த வாரம் கூலி வேறு பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தான். எத்தனையோ பேரிடம் வெயிலைப் பற்றிக் கேட்டவர், இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் ஆள் இல்லை; கூட வேலை பார்த்தவர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். "தம்பி அன்னிக்குக் காலையில..." என்று மனைவியிடம் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் எதையோ புரிந்துகொண்டவள் போல, ஈரச் சாக்கின் நூல் ஒட்டியிருந்த அவர் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்தபோது லாரியைச் சுற்றி நாற்றம் அடித்தது. ஆஸ்பத்திரிக் காவல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதை யார் இங்கே கொண்டுவந்து விட்டது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள் பெரியக்கா.

"எல்லாம் இருக்கு. ஆலை வேண்டாம்னுடுச்சு."

"அப்ப ஏன் நிக்கறீங்க, எடுங்க வண்டியை."

கிடங்குத் தரையில் சாக்கு விரித்து மொத்த லோடையும் இறக்கினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பிரித்தார்கள். முக்கால்வாசி கெட்டுப்போயிருந்தது. மிச்சமே அண்டா நிறைய வந்தது. சாயங்காலம் இன்ஜினியர் போன் செய்து லோடு என்ன ஆயிற்று என்று கேட்டபோது, ஆமை எதையும் மறைக்காமல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இன்ஜினியரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அண்டாவுக்குப் போகிற குவியலையும் தள்ளிவிட்ட குவியலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெரியக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க தள்றது, சீவற தோல், தட்டுல மிஞ்சறது, இதெல்லாம் தினமும் ஏறக்குறைய ஒரே அளவா வருமா?"

"வயிறு தினமும் ஒரே அளவுதானே பசிக்குது," என்றாள் பெரியக்கா.

இன்ஜினியர் சிரித்துவிட்டார். ஒரே சீராக வந்தால் தொட்டிக்கு நல்லது என்றார். ஆனால் அளவு குறையும், வாயுவும் குறையும், அதை மூடி மறைப்பதில் பயனில்லை, ஓரிரண்டு பஸ் டீசலுக்குத் திரும்பத்தான் வேண்டும், மேலே நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். பெரியக்கா ஆமையைப் பார்த்தாள். ஆமை தரையைப் பார்த்துக்கொண்டு, சரி என்று தலையசைத்தார்.

பேசியதெல்லாம் உடனே நடந்துவிடவில்லை. எடை குறைந்தால் பணம் குறையும் என்று மண்டிச் சங்கம் முரண்டு பிடித்தது. கூட்டம் போட்டார்கள், ஒத்திவைத்தார்கள், மறுபடி போட்டார்கள். கடைசியில் வாரத்தில் பாதி நாள் லாரி கிடங்குக்குப் போய்விட்டு ஆலைக்கு வரலாம், மீதி நாள் நேரே ஆலைக்கு என்று முடிவாயிற்று. டீசலுக்குத் திரும்பிய பஸ்ஸில் ஒன்று கிடங்குத் தெரு வழியாகத்தான் போகும். அது புகை கக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் ஆமை முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரியக்கா அதைக் கவனிப்பாள். சமையலறைக் கதவு இப்போது வெயிலுக்கு முன்னால், காலையிலேயே திறந்தது. அதற்காக அவள் இருட்டோடு எழ வேண்டியிருந்தது. வரிசை நிற்கிற இடத்துக்கு மேலே லாரியின் பழைய தார்ப்பாயைக் கட்டினார்கள். குடைக்காரர் உடம்பு தேறி, வேறு ஊரில் இருந்த அண்ணன் மகளின் வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அவரைப் பற்றித் தகவல் இல்லை.

அந்த இன்ஜினியர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் சட்டம் பேசுகிறவர். கிடங்குக்குக் கிடைத்த நாட்களில் ஒன்றைக் குறைத்தார். மறு வருடமும் டிவியில் அதே வட்டமேஜை, அதே பேச்சு. எதை முதலில் செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. வானிலை வந்தபோது இந்தத் தடவை பெரியக்காதான் எழுந்து சத்தத்தைக் கூட்டினாள். நாளைக்கு எவ்வளவு சூடு என்று பார்த்துத்தான் எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பது என்று அவள் முடிவு செய்வது. ஆமையோ, வரிசை எங்கே வரைக்கும் வந்தது என்று கேட்காமல் சாப்பிட உட்காருவதில்லை.

கண்ணில் புரை விழுந்ததும் அவர் லாரியை விட்டார். புது டிரைவர் வேகக்காரன். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஆமை கிடங்குக்குப் போய், பெண்களோடு உட்கார்ந்து காய் பிரிக்கத் தொடங்கினார். தேறியது இடது பக்கக் கூடை, அது அண்டாவுக்கு. தேறாதது வலது பக்கக் கூடை, அது தொட்டிக்கு. பார்வை மங்கலாக இருந்தாலும் விரல் அழுத்தினால் தெரிந்துவிடும். பெரும்பாலும் தெரிந்துவிடும். நடுவில் சில இருக்கின்றன, அண்டாவுக்குப் போட்டால் வயிற்றைக் கெடுக்குமோ என்று பயம், தொட்டிக்குப் போட்டால் ஒருவர் வாயிலிருந்து பிடுங்கின மாதிரி பாவம். அப்படி ஒன்று கையில் வந்தால் அவர் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் குவியலில் பாதியை முடித்திருப்பார்கள், இவர் ஒரு தக்காளியை உருட்டிக்கொண்டிருப்பார்.

அன்று காலையும் அப்படித்தான். ஒன்றை வெகுநேரம் வைத்திருந்துவிட்டு வலது பக்கம் போட்டார். அண்டா பக்கத்திலிருந்து வந்த பெரியக்கா குனிந்து அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது தேறுங்க. ஒரு ஓரம் சீவினா போதும்."

"வெயில்ல வந்த காய். உள்ள புளிச்சிருக்கும்."

அவள் இடது பக்கம் போட்டாள். அவள் திரும்பியதும் அவர் எடுத்து வலது பக்கம் போட்டார். அவள் பார்த்துவிட்டு வந்து, கத்தியை வாங்கி, அதை இரண்டாக வெட்டி முகர்ந்து பார்த்தாள், அவருக்கும் நீட்டினாள். தார்ப்பாய்க்குக் கீழே அதற்குள் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பாதியை இங்கேயும் மறு பாதியை அங்கேயும் போட்டுவிட்டு, அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அவர் அடுத்த காயை எடுத்தார்.